யார் சொல்வதைக் கேட்டுப் பூசுவது?

அக்கா, எனக்கு வயது 26. கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. மாநிறம். கல்லூரி முடிக்கும் வரை பவுடர், மை, பொட்டு, அவ்வளவுதான். இரண்டு வருடமாக வீடியோ பார்த்துப் பார்த்து என்னென்னவோ வாங்கிவிட்டேன். ஃபவுண்டேஷன் போட்டால் மேலே பவுடர் போட்டே ஆகணும் என்கிறார் ஒருவர், பவுடர் பக்கமே போகாதே என்கிறார் இன்னொருவர். கண்ணுக்குள் மை வைத்தால் கண் சிறுத்துவிடும் என்கிறார்கள். மை இல்லாவிட்டால் "காய்ச்சல்ல படுத்து எழுந்தவ மாதிரி இருக்கே" என்கிறார் அம்மா. மாநிறத்துக்குச் சிவப்பு லிப்ஸ்டிக் ஆகாது என்பது சித்தி. ஒருநாள் கான்டூர் போட்டுக்கொண்டு போனேன், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், கன்னத்துல ஏதோ அழுக்கு" என்று சொல்லிவிட்டாள். எல்லாம் முடித்துக் கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கென்று ஒரு மேக்கப்பை எப்படித்தான் கண்டுபிடிப்பது?
- வாசகி, கோத்தகிரி

அந்தப் பிள்ளை சரியாகத்தான் பார்த்திருக்கிறாள் தங்கச்சி, அதிலிருந்தே தொடங்கலாம். கான்டூர் என்பது நிழலை வரைவது. வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் வளைய விளக்கு முகத்து மேடு பள்ளத்தை எல்லாம் அழித்துத் தட்டையாக்கிவிடும், அதனால் காணாமல் போன நிழலை அவர்கள் பிரவுன் நிறத்தால் திரும்ப வரைய வேண்டியிருக்கிறது. நம் ஊரில் மூடுபனி இறங்கிய காலையில் வெளிச்சம் நாலா பக்கமிருந்தும் வரும், மரத்துக்கடியில்கூட நிழல் விழாது. அந்த வெளிச்சத்தில் உங்கள் கன்னத்தில் மட்டும் ஒரு நிழல் இருந்தால் அது அழுக்காகத்தான் தெரியும். நீங்கள் போட்டதில் தப்பில்லை, அது இந்த வெளிச்சத்துக்கான வேலை இல்லை.

பவுடர் சண்டையும் இப்படித்தான். சென்னையில் பஸ்ஸுக்கு நின்றாலே மூக்கு நுனியில் வியர்வை கோக்கும், அங்கே பவுடர் இல்லாமல் எதுவும் நிற்காது. அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் குன்னூரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு, விடியற்காலை முகூர்த்தம், நான் சென்னையில் படித்த மாதிரியே பட்டையாகப் பவுடர் அழுத்திவிட்டேன். மணமேடையில் அந்தப் பெண் முதல் முறை வாய்விட்டுச் சிரித்தபோது உதட்டோரம் இரண்டு பக்கமும் காய்ந்த சேறு மாதிரி வெடித்தது. ஆல்பத்தில் இன்றைக்கும் அது இருக்கிறது, எனக்கு அந்த வருத்தம் போகவே இல்லை. பனிக்காலக் குளிர்காற்றில் ஈரம் குறைவு, தோல் தானாகவே இழுக்கும். டிசம்பர், ஜனவரியில் கிரீம் வகையாகவே போடுங்கள், பவுடர் வேண்டுமென்றால் மூக்கின் மேல் மட்டும் ஒரு தொடல்.

அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எந்த ஊர்க் காற்றுக்கு, எந்த வெளிச்சத்துக்கு, எந்த நிறத் தோலுக்குச் சொன்னது?

இனி உங்களுடையதைத் தேடும் வேலை. வாங்கியதை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும். சன்ஸ்கிரீனை விடவே கூடாது, கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், மேகம் மூடியிருந்தாலும் நிறையவே இறங்கும். குளிர்வதால் வெயில் உறைக்காது, நாமும் கண்டுகொள்வதில்லை. பிறகு கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டது என்று என்னிடம் வருகிறார்கள். நிறம் கலந்த சன்ஸ்கிரீனாக, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் வாங்குங்கள். அதில் இருக்கும் அயர்ன் ஆக்ஸைடு என்ற நிறப்பொருள் மங்கு வராமல் தடுக்கவும் உதவும், பள்ளிக்குப் போகத் தனியாக ஃபவுண்டேஷனும் தேவைப்படாது. வெள்ளை பூத்த மாதிரியும் தெரியாது.

அந்த வாரத்தில், நீங்கள் போஸ் கொடுக்காமல் யாரோ எடுத்த ஃபோட்டோக்களைப் பாருங்கள், பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இருக்கும்போது எடுத்தவை. முகத்தில் எது முதலில் கண்ணில் படுகிறது? கண்ணா, புருவமா, உதடா? அதற்கு மட்டும் அடுத்த வாரம் ஒரே ஒரு பொருளை வெளியே எடுங்கள். மூன்று நாள் அதோடு பள்ளிக்குப் போங்கள். நாலாம் நாள் போடாமல் போங்கள். பத்து மணிக்குள் அதைத் தேடினீர்கள் என்றால் அது உங்களுடையது. தேடவே இல்லையென்றால் திரும்ப டப்பாவுக்குள். இப்படி ஒவ்வொன்றாக. மூன்று பொருள் தேறினாலே போதும், எனக்குத் தெரிந்து நன்றாக மேக்கப் போடும் பெண்கள் பலர் அதற்கு மேல் தினமும் தொடுவதில்லை.

மை விஷயத்தில் நான் அம்மா பக்கம். ஆனால் குளிர்காற்று பட்டால் கண்ணில் நீர் கோக்கும், கீழிமையில் வைத்த மை மதியத்துக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும். மேலிமை முடியின் வேர்களுக்கு இடையில் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து விரலால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். கண் சிறுக்காது, அம்மாவும் சமாதானமாவார்.

சித்தி சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. மாநிறத்துக்குச் சிவப்பு எவ்வளவு எடுக்கும் தெரியுமா! செங்கல் சிவப்பு, குங்குமச் சிவப்பு, அரக்குச் சிவப்பு மூன்றையும் ஜன்னலோரம் நின்று போட்டுப் பாருங்கள், ஒன்று நிச்சயம் உங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். இதே பேச்சின் இன்னொரு முகம்தான் கடைக்காரர்கள் ஒரு ஷேட் வெளுப்பாக ஃபவுண்டேஷன் எடுத்துக் கொடுப்பது. முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறாக நிற்கும். படுகர் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளை உடுத்திப் போகும் பெண்களைக் கேளுங்கள், வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் பொருந்தாத ஷேட் உடனே காட்டிக்கொடுக்கும். எப்போதாவது ஃபவுண்டேஷன் வாங்கினால் தாடை ஓரத்தில் தீற்றிக்கொண்டு கடையை விட்டுத் தெருவுக்கு வாருங்கள், கால் மணி நேரம் ஒரு டீ குடித்துவிட்டுப் பாருங்கள், காற்றுப் பட்டால் சில ஷேட் கருக்கும். தேடினாலும் தெரியாத ஷேட்தான் உங்களுடையது, அது எத்தனை அடர்த்தியான நிறமாக இருந்தாலும் சரி.

அக்கா, முகப்பருவுக்கு நீலகிரித் தைலம் தடவலாமா? ஒரு வீடியோவில் சொன்னார்கள்.
- கல்லூரி மாணவி, ஊட்டி

வேண்டவே வேண்டாம். நீர்க்காத தைலம் முகத்துத் தோலைப் பொசுக்கும், பரு போன இடத்தில் கறுப்புத் தழும்பு தங்கிவிடும். கண்ணில் பட்டால் இன்னும் மோசம். மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். பரு இரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், மருந்துக் கடையில் பேர் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கிரீமையும் தொடாதீர்கள்.