மரத்தில் மீன்தொட்டி: பலகை பிதுங்காமல், கரையான் ஏறாமல்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸ் முறையில் மீனும் கீரையும் சேர்த்து வளர்க்க ஆசை. 8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரத்தில் ப்ளைவுட் தொட்டி செய்து, உள்ளே பெயின்ட் அடித்துத் தண்ணீர் நிரப்பலாமா? 1,500 லிட்டர் பிடித்தால் போதும்.

பதில்: 1,500 லிட்டர்தான் தேவை என்றால் முதலில் உயரத்தை 2 அடியாகக் குறையுங்கள். 8-க்கு 4 தொட்டியில் 21 அங்குலம் தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய 1,580 லிட்டர் வந்துவிடும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பக்கப் பலகையைத் தள்ளும் விசை, ஆழம் கூடக் கூடப் பல மடங்கு ஏறும். 2 அடி தண்ணீர் நின்றால் 8 அடிப் பலகையைச் சுமார் 450 கிலோ தள்ளுகிறது; 3 அடி நின்றால் அது 1,000 கிலோவைத் தாண்டுகிறது. அதிலும் முக்கால் பங்கு பலகையின் கீழ்ப்பாதியில்தான் விழும். தொட்டி பெரும்பாலும் அடிமூலையில் வாய் பிளப்பது இதனால்தான்.

ஆகவே ப்ளைவுட்டை நம்பாதீர்கள், சட்டத்தை நம்புங்கள். கடையில் '710' என்று கேட்டால் கிடைக்கும் மரைன் ப்ளைவுட், 19 மி.மீ. தடிமனில் இரண்டரை ஷீட் போதும். தொட்டிக்கு அடியில் குறுக்காக 16 அங்குலத்துக்கு ஒன்றாக 7 சட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு நிமிர்ந்த சட்டம். இரண்டையும் ஆணியால் அல்ல, வாஷர் வைத்த போல்ட்டால் இறுக்க வேண்டும். ஆணி நாளடைவில் இளகிக் கொடுக்கும். மேல் விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை, நடுவில் எதிரெதிர்ப் பலகைகளைப் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. வலை போட இடைஞ்சல் என்று ஆசாரி அதை விடச் சொன்னாலும் விடாதீர்கள்.

உள்ளே பெயின்ட் வேண்டாம். மரம் ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கும். மூட்டு அசையும்போது பெயின்ட் வெடிக்கும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் ஷீட்டை 14-க்கு 10 அடி அளவில், ஒட்டுப்போடாத ஒரே துண்டாக வாங்குங்கள். இரண்டு பக்கச் சுவரும் ஏறி, விளிம்பில் ஓரடி மடங்கும். அதன் கீழே அரை அங்குலத் தெர்மாகோல் விரித்தால் திருகுத் தலை குத்தாது. ஷீட்டில் ஓட்டை போட வேண்டிய குழாயை அடியில் வைக்காமல் மேல்மட்டத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வழிந்தோட அந்தக் குழாய் கட்டாயம் வேண்டும், வாயில் வலையோடு. இல்லையென்றால் மீனும் தண்ணீரோடு போய்விடும்.

அடுத்தது தரை. டெல்டாக் களிமண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும்; ஒரு மூலை இறங்கினால் ஒன்றரை டன் பாரமும் அந்தப் பக்கம் சாயும். மேல்மண்ணை எடுத்துவிட்டு மணலும் ஜல்லியும் கெட்டித்து, அதன்மேல் ஓரடி உயரச் செங்கல் வரிசைகள் கட்டி மட்டம் பாருங்கள். அடியில் காற்று ஓடினால் மரம் காய்ந்திருக்கும். கரையான் ஏறினால் செங்கல்மேல் மண்புற்று கோடாகத் தெரியும், துடைத்துவிடலாம். தயவுசெய்து கரையான் மருந்து அடிக்காதீர்கள். குளோர்பைரிபாஸ் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய மரமும் ஆகாது. வெளிப்புறத்துக்கு மட்டும் எனாமல் பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு தொட்டியை நிரப்புங்கள்.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். இந்தத் தொட்டி சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் பாரம் தரும். மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடுவது 150 கிலோதான். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியைக் காலி செய்யவும் வேண்டாம். நிரம்பிய தொட்டியைக் காற்று அசைக்காது.

சரி, தொட்டி முடிந்ததும் உடனே மீன் விடாதீர்கள். பக்கப் பலகையின் ஓரமாக நேராக ஒரு நூல் கட்டி, அரை அடி தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஷீட்டின் மடிப்புகளை அப்போதே சரிசெய்யலாம். பிறகு முழுக்க நிரப்பி மூன்று நாள் விடுங்கள். பலகை நூலிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் பிதுங்கினால் தண்ணீரை இறக்கி, இன்னொரு குறுக்குக் கட்டை போடுங்கள். பிறகு செடித்தொட்டியை இணைத்துத் தண்ணீரைச் சுழலவிட்டு, சில மீன்களோடு மட்டும் தொடங்குங்கள். மீன் கழிவின் அமோனியாவைச் செடிக்கு உரமாக மாற்றும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீதி மீனை அதற்கப்புறம் விடலாம்.