கொடைக்கானல் ஏரியில் படகு வலித்துப் பழகியவர் பழவேற்காடு மாதிரி கடலோர ஏரியில் படகு ஓட்டலாமா? நங்கூரம் எப்படிப் போடுவது?

துடுப்பு பிடிக்கத் தெரியும் என்கிற வரைக்கும் சரி. அதற்கு மேல் மலை ஏரிப் பழக்கம் அங்கே காலை வாரிவிடும். வாரிவிடப்பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கியது. நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்திருப்பதால், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் எந்தக் கைக்குள் இருக்கிறோம் என்றே தெரியாது. ரோட்டில் ஹார்ன் கேட்கிற பக்கமாக மெதுவாக வலிக்க வேண்டியதுதான். ஆனால் காற்று இல்லாத நேரத்தில் துடுப்பைத் தூக்கி வைத்தால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். பழவேற்காட்டில் தண்ணீரே நடக்கிறது. கடல் ஏறும்போது முகத்துவாரம் வழியாக உள்ளே வரும், வற்றும்போது வெளியே இழுக்கும்.

என் தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு மீன்பிடி படகு. முதல் தடவை போனபோது நங்கூரத்தை நான் போடுகிறேன் என்று வாங்கி, உட்கார்ந்திருந்த பின்பக்கமாகவே இறக்கினேன். தரை தட்டியதும் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன். இடுப்பளவு ஆழம்தானே!

"மச்சான், அந்தப் பனையைப் பாருங்க" என்றார் மாப்பிள்ளை. பனையும் பின்னால் இருந்த கரண்ட் கம்பமும் ஒரே நேராக இருந்தன. கொஞ்ச நேரத்தில் கம்பம் பனையை விட்டு விலகி வந்தது. படகு நகர்ந்துகொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் அவரே போட்டுக் காட்டினார். படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, முன்பக்கத்திலிருந்து நங்கூரத்தை வீசாமல் இறக்கினார். படகு தானாகப் பின்வாங்க, கயிற்றை விட்டுக்கொண்டே போனார். நங்கூரம் கனத்தால் மட்டும் நிற்பதில்லை. படுத்து இழுபடும்போது கொக்கி சேற்றில் குத்துவதால்தான் பிடிக்கிறது. கயிறு குட்டையாக இருந்தால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். ஆழத்தோடு படகு விளிம்பின் உயரத்தையும் கூட்டி, அதுபோல் 5 முதல் 7 மடங்கு விட வேண்டும். நீர் ஏறப்போகிறது என்றால் ஏறிய ஆழத்துக்குக் கணக்கு. நங்கூரத்தின் தலையில் கொஞ்சம் சங்கிலி இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் மட்டும் கட்டவே கூடாது. எஞ்சின் கனத்தில் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பக்கம் அது, அலை நேராக உள்ளே ஏறிவிடும்.

ஏரி பெரும்பாலும் ஆழமில்லாதது என்பதால் தரை தட்டுவது சகஜம். எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பால் தள்ளுங்கள், முறுக்கினால் எஞ்சினின் விசிறிதான் உடையும். முகத்துவாரம் மட்டும் வேறு கதை. பிற்பகலில் கடல்காற்று உள்ளே அடிக்க, வற்றுநீர் வெளியே ஓட, இரண்டும் மோதி அலை குத்துக்குத்தாக எழும். அங்கே படகைக் குறுக்கே திருப்பினால் கவிழ்க்கும். பழக்கமில்லாதவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆழம் குறைவுதானே என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், ஆட்களையும் திணிக்காதீர்கள்.

கரையில் கட்டும்போதும் கயிற்றைத் தளர்வாக விடுங்கள். ஊர் பழக்கத்தில் நான் நீர் நிறைந்திருந்தபோது இறுக்கிக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் நீர் வற்றி, படகு மூக்கு மேலே தூக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.