சிட்டியின் அலாய் வீல் ஸ்விஃப்டுக்குப் பொருந்துமா?

கேள்வி: என்னிடம் 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ இருக்கிறது. கம்பெனியில் வந்த 14 அங்குல இரும்பு வீல், டயர் 165/80 ஆர்14. பழைய ஹோண்டா சிட்டியில் இருந்து கழற்றிய 15 அங்குல அலாய் வீல் நான்கு நல்ல நிலையில் விலைக்கு வருகிறது. "ரெண்டுமே நாலு ஓட்டை, அப்படியே ஏறிடும் சார்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. வீல் ஏறத்தான் செய்யும். ஆனால் ஏறுவது வேறு, பொருந்துவது வேறு.

ஓட்டைகளின் மையங்கள் வழியே ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டம்தான் பி.சி.டி. நாலு ஓட்டை வீலில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் கிடைத்துவிடும். ஸ்விஃப்ட், சிட்டி இரண்டுக்கும் 4×100, அதாவது நாலு ஓட்டை, விட்டம் 100 மி.மீ. அதனால்தான் ஏறுகிறது. இதிலேயே கவனம் வேண்டும்: ஃபியட் பாலியோவுக்கு 4×98. வெறும் 2 மி.மீ. வித்தியாசம்தான், கண்ணுக்குத் தெரியாது. கஷ்டப்பட்டு முடுக்கிவிடலாம், நட்டு சாய்ந்தே உட்காரும், அது முடுக்கப்படும் மரைக்கம்பியான ஸ்டட் நாளடைவில் முறியும்.

உங்கள் பிரச்சினை அடுத்த இடத்தில் இருக்கிறது. வீலை மாட்டும் அச்சுமுனைதான் ஹப். அதில் உட்காரும் வீலின் நடுத்துளை, அதாவது சென்டர் போர், ஸ்விஃப்ட் ஹப்புக்கு 54.1 மி.மீ.; சிட்டிக்கு 56.1 மி.மீ. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விழும். கம்பெனி வீல் ஹப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்காரும். இடைவெளி இருந்தால் அந்தப் பிடிமானம் போய்விடும். வீலை நடுவில் நிறுத்தும் வேலை முழுக்க நட்டுகளின் தலையில் விழும். கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்தாலும் வேகம் போனதும் ஸ்டியரிங் உதறும்.

இப்படி உதறலோடு ஒரு கார் என்னிடம் வந்தது. வேறோர் இடத்தில் மூன்று முறை பேலன்சிங் செய்தாகிவிட்டது. பேலன்சிங் மெஷினில் வீல் சுத்தமாக ஓடியது, வண்டியில் மாட்டினால் ஆடியது. வீலைக் கழற்றி, அதே மாதிரி டயரில்லாத ரிம் ஒன்றை அதே ஹப்பில் வைத்து, முன்பக்கமிருந்து நடுத்துளையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹப்பைச் சுற்றி பிறை நிலா மாதிரி ஓர் இடைவெளி: மேலே ஒன்றுமில்லை, கீழே நகம் நுழையும் அளவு சந்து. சரியான அளவில் ஹப் ரிங், அதாவது அந்தச் சந்தை அடைக்கும் வளையம், போட்டதும் உதறல் நின்றது. ஆகவே சந்து மட்டும்தான் குறை என்றால் 56.1-54.1 ரிங் போதும். உங்களுக்கு அதோடு முடியவில்லை.

நட்டு. சுசுகியில் ஸ்டட் மரை எம்12×1.25, ஹோண்டாவில் எம்12×1.5. ஸ்டட்டின் தடிமன் இரண்டிலும் 12 மி.மீ.தான், மரைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் வேறு. எனவே சிட்டி நட்டு உங்கள் ஸ்டட்டில் ஏறாது. ஸ்பானரால் பலம் கொடுத்தால் மரை போய்விடும். சரி, ஸ்விஃப்ட் நட்டையே போடலாமா? அதன் முனை கூம்பு. ஹோண்டா கம்பெனி வீலில் நட்டு உட்காரும் குழியோ உருண்டை. கூம்பு அதில் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும், ஓட ஓடத் தளரும். வீல் கழன்று ஓடுகிற விபத்துக்கு இது ஒரு நேர்வழி. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்பேன்.

எந்த அலாய் வீல் வாங்கினாலும் ஆஃப்செட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரிம்மின் பின்பக்கம் அல்லது ஆரக்காலில் '5ஜே', 'இ.டி. 40' என்ற மாதிரி பொறித்திருக்கும். முதலாவது அகலம், அங்குலத்தில். இரண்டாவதுதான் ஆஃப்செட்: வீல் ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. ஒரு கணக்குப் போடுவோம். 5ஜே, இ.டி. 40 வீலுக்குப் பதில் 6ஜே, இ.டி. 35 போட்டால் அகலம் 25.4 மி.மீ. கூடும், பக்கத்துக்கு 12.7. ஆஃப்செட் 5 குறைந்ததால் மொத்த வீலும் 5 மி.மீ. வெளியே நகரும். வெளிப்பக்கம் 17.7 மி.மீ. நீட்டும், உள்பக்கம் 7.7 மி.மீ. நெருங்கும். வெளியே நீட்டினால் நாலு பேர் ஏறி ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது டயர் ஃபெண்டரில் உரசும், வீல் பேரிங்கும் சீக்கிரம் சத்தம் போடும். உள்ளே நெருங்கினால் ஷாக் அப்சார்பரில் இடிக்கும்.

அப்புறம் டயர். உங்கள் 165/80 ஆர்14-இன் மொத்த விட்டம் 619.6 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5 மி.மீ. ஸ்பீடாமீட்டர் கிட்டத்தட்ட மாறாது. டிக்கியில் இருக்கும் 14 அங்குல ஸ்டெப்னியும் அவசரத்துக்கு உதவும். 205/65 ஆர்15 என்று யாராவது ஆசை காட்டினால் விட்டம் 4.5 சதவீதம் கூடிவிடும்; விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு என் சிபாரிசு: அதே தலைமுறை ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐயில் கம்பெனியே போட்ட 15 அங்குல அலாய் வீல், 185/65 ஆர்15 டயர். பழைய செட்டாகவும் கிடைக்கும். விரிசல், வெல்டிங் தழும்பு இருந்தால் தொடாதீர்கள். டயர் ஏற்றும் முன் ஒரு முன்வீலை மட்டும் வெறும் ரிம்மாக மாட்டி, பிரேக் காலிப்பரில் தட்டாமல் சுற்றுகிறதா பாருங்கள். டயர் ஏற்றிவிட்டால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். நட்டைக் கையாலேயே சுற்றிப் பாருங்கள், குறைந்தது 9, 10 சுற்றாவது போக வேண்டும். டயர் ஏற்றிய பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள்.

முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரில் மேனுவலில் உள்ள அளவுக்கு முடுக்கி, 50-100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை முடுக்கச் சொல்லுங்கள். புதிதாக மாட்டிய அலாய் வீலில் நட்டு கொஞ்சம் இளகுவது சகஜம்.