‘கொஞ்ச நாள்தானே’: வளர்ப்புப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளைப் பற்றிய நாவல்கள் – கேள்வி பதில்

கேள்வி: பெற்றோரைப் பிரிந்து, வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் சில காலம் வளரும் பிள்ளைகளைப் பற்றிய நாவல்களில் எதை முதலில் படிக்கலாம்?

கேத்தரின் பேட்டர்சன் 1978இல் எழுதிய ‘தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்’ நாவலைத்தான் எவருக்கும் முதலில் சொல்வேன். கில்லிக்குப் பதினொரு வயது. வீடு மாற்றி வீடு மாற்றி அனுப்பப்பட்ட அவளைச் சமூகப் பணியாளர் ஒருவர் இன்னொரு வீட்டுக்குக் காரில் அழைத்துச் செல்லும்போது கதை தொடங்குகிறது. மென்றுகொண்டிருந்த பபிள்கம்மை அவள் காரின் கதவுக் கைப்பிடிக்கு அடியில் ஒட்டிவைக்கிறாள். அடுத்துத் திறப்பவரின் விரலில் அது ஒட்டட்டும் என்பது அவள் எண்ணம். எங்கும் தன்னை யாரும் அன்போடு நினைத்துக்கொள்ளப் போவதில்லை என்று முடிவுகட்டிவிட்ட பிள்ளை, எரிச்சலோடாவது தன்னை நினைக்கவைக்கிறாள் என்றே நான் அதை வாசிக்கிறேன்.

பேட்டர்சன் கம்போடியச் சிறுவர் இருவரைச் சில காலம் தம் வீட்டில் வைத்து வளர்த்தவர். சிக்கல் எழுந்தபோதெல்லாம் ‘கொஞ்ச நாள்தானே’ என்று தாம் மனத்தைத் தேற்றிக்கொண்டதையும், அது ஓர் உயிரைப் பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருளாக எண்ணியதற்குச் சமம் என்று பிறகு உணர்ந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குற்றவுணர்விலிருந்து பிறந்ததாலேயே இந்நாவல் பிள்ளையைப் பார்த்து இரக்கப்படுவதோடு நின்றுவிடாமல், வளர்ப்பவரின் மனத்தையும் கேள்வி கேட்கிறது.

கேள்வி: தத்தெடுப்பும் வளர்ப்புப் பராமரிப்பும் ஒன்றுதானே?

அல்ல. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி அக்குடும்பத்தின் பிள்ளையாகிவிடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை ஒரு குடும்பத்தில் வளர்ந்தாலும், எங்கே வளர வேண்டும் என்பதை நீதிமன்றமும் குழந்தை நல அமைப்பும் முடிவு செய்கின்றன. இந்தியாவிலும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது.

கேள்வி: பெற்ற தாயை இந்நாவல்கள் கெட்டவளாகவே காட்டுகின்றனவா?

சில அப்படிக் காட்டுகின்றன. நல்ல நாவல்கள் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. கில்லியின் கதையை வைத்தே விளக்குகிறேன், ஆனால் அதற்கு முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாயின் புகைப்படத்தைப் போற்றி வைத்திருக்கும் கில்லி, தன்னை அழைத்துப் போகும்படி அவளுக்குக் கடிதம் எழுதுகிறாள். அக்கடிதத்தின் விளைவாகவே, தன்னை உண்மையாக நேசித்த வளர்ப்புத் தாய் ட்ராட்டரை விட்டு, முன்பின் பார்த்திராத பாட்டியிடம் அவள் போக நேர்கிறது. பிறகு தாய் வருகிறாள், ஆனால் பாட்டி பயணச் செலவு கொடுத்ததால்தான், அதுவும் ஓரிரு நாள் தங்கிப் போவதற்கு மட்டுமே. விமான நிலையத்திலிருந்தே கில்லி ட்ராட்டருக்குத் தொலைபேசியில் பேசி, வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறாள். ட்ராட்டர் அதற்கு இசைவதில்லை. பாட்டி இருக்கும் இடம்தான் இனி உன் வீடு என்று அன்போடு உறுதியாகச் சொல்கிறாள். பிள்ளையை மிகவும் நேசிக்கும் ஒருத்தியின் வாயிலிருந்தே அந்தச் சொல் வருவதுதான் என்னை ஒவ்வொரு முறையும் கலங்கவைக்கிறது.

கேள்வி: பெரியவர்களுக்கான நாவல்?

பார்பரா கிங்சால்வரின் ‘டீமன் காப்பர்ஹெட்’ (2022). சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ கதையை வர்ஜீனியாவின் மலைநாட்டுக்கு மாற்றி எழுதிய இந்நாவல் 2023இல் புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. வளர்ப்பதாகச் சொல்லி அழைத்துவந்த சிறுவர்களைப் புகையிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. என் வகுப்பில் பெற்றோரைப் பிரிந்து வளரும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு எதைக் கொடுக்கலாம்?

‘இது உன் கதை’ என்று சொல்லி எதையும் கொடுக்காதீர்கள். மற்ற நூல்களோடு வகுப்பு அலமாரியில் வைத்துவிடுங்கள், விரும்பினால் அவளே எடுப்பாள். அதற்கு முன், பாட்ரீஷியா ரைலி கிஃப் 2002இல் எழுதிய ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹாலிஸ் வுட்ஸ்’ நாவலை நீங்கள் படித்துவிடுங்கள். ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும் சொற்களுக்குப் படம் கொண்டுவரச் சொல்கிறார் அதில் ஓர் ஆசிரியை. ஆறு வயது ஹாலிஸ் பத்திரிகையிலிருந்து ஒரு குடும்பப் படத்தை வெட்டிக்கொண்டு போகிறாள்: தாய், தந்தை, ஓர் அண்ணன், ஒரு தங்கை, பின்னால் ஒரு வீடு. இதில் டபிள்யூ எங்கே என்று கேட்டு, படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போட்டுவிடுகிறார் ஆசிரியை. ஆசையையும் வேண்டுதலையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன என்று ஹாலிஸ் சொல்லவந்தது அவளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. குறியிடப்பட்ட அந்தப் படத்தை அவள் பல ஆண்டுகள் கழித்தும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.