ஆரம்பாக்கத்தில் சாம்பல் லாரி கவிழ்ந்து வயலிலும் கிணற்றிலும் கொட்டியது பற்றி

காய்ந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டவே கூட்டாதீங்க. பவுடர் நுரையீரல் ஆழம் வரை போகும். பைப் வைச்சுப் பீய்ச்சி அடிச்சாலும் சேறாகி வாய்க்காலுக்குத்தான் ஓடும். பூவாளியால் லேசாத் தெளிச்சு, கையில் பிடிச்சா உருண்டை நிக்கிற பதம் வந்ததும், என்-95 மாஸ்க் போட்டு மண்வெட்டியால் வழிச்சு எடுங்க. அடியில் ஓரிரு அங்குல மேல்மண்ணும் சேர்ந்து போகட்டும். குவியலுக்குக் கீழேயும் மேலேயும் தார்ப்பாய். மழைக்கு முன்னாடி வாய்க்கால் வாயில் மணல் மூட்டை அடுக்குங்க.

கிணறுதான் பெரிய கவலை. தண்ணி மேல வெண்சாம்பல் நிறத்தில் மிதக்கிறது உள்ளே காற்றடைச்ச நுண்மணிகள். மெல்லிய துணியால் அள்ளிடலாம். ஆனா சாம்பலிலிருந்து தண்ணியில் கரைஞ்ச ஆர்சனிக், போரான், செலினியம்கிற நச்சுகள் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் ஆர்சனிக் போகாது, தண்ணி வத்த வத்தச் செறிவு கூடத்தான் செய்யும். லேப்ல இந்த மூணோட குரோமியம், பாதரசமும் கேளுங்க. குடிநீருக்கு ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரிசல்ட் வரும்வரை மாட்டுக்கும் அந்தத் தண்ணி வேண்டாம்.

வண்டி ஆந்திரா நம்பர்னு அதிகாரிங்க தட்டிக்கழிச்சா விடாதீங்க. கொட்டினது தமிழ்நாட்டு மண்ணில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் எழுத்தில் மனு கொடுங்க. அள்ளுறதுக்கு முன்னாடியே போட்டோவும், ஒரு டப்பா சாம்பலும் எடுத்து வைங்க.