பிரிட்டனில் 'அவையின் தந்தை' என்பவருக்கு என்ன வேலை?

பெயரைக் கேட்டுப் பெரிய அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கென்று இருக்கும் முறையான வேலை ஒன்றே ஒன்றுதான்: மக்களவையில் புதிய சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கும்போது தலைமை தாங்குவது. அது முடிந்ததும் வழக்கமான எம்.பி.தான்.

1970களின் தொடக்கம் வரை அந்த வேலையையும் அவையின் செயலர்தான் பார்த்தார். அவர் அவையில் பேசக் கூடாது என்பதால், யார் பேச வேண்டுமோ அவரை நோக்கி விரலை மட்டும் நீட்டுவாராம்!

சரி, யார் 'தந்தை'? வயதை வைத்து இல்லை. இடைவெளியே இல்லாமல் அதிக காலம் உறுப்பினராக இருப்பவர். நடுவில் ஒரு தேர்தலில் தோற்றால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒரே நாளில் தேர்வானவர்கள் என்றால், முதலில் உறுதிமொழி எடுத்தவரே மூத்தவர். 2024இல் எட்வர்ட் லீ தந்தையானது அப்படித்தான். அவரும் ஜெரமி கார்பினும் 1983 தேர்தலில்தான் முதன்முதலாக ஜெயித்தார்கள். வயதில் கார்பின் மூத்தவர், ஆனால் உறுதிமொழி வரிசையில் லீ முந்திக்கொண்டார்.

அப்புறம், இடைவெளியே இல்லாமல் அதிக காலம் இருக்கும் பெண் உறுப்பினருக்கு 'அவையின் தாய்' என்ற பட்டமும் உண்டு. 1987 முதல் உறுப்பினராக இருக்கும் டயான் அபாட் 2024இல் அதைப் பெற்றார்.