மண்ணெண்ணெய்க்கு அகப்படாத உண்ணி

கேள்வி: உண்ணி கடித்தால் மண்ணெண்ணெய் தொட்டு எடுத்துவிட்டு, கடிவாயில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுவது எங்கள் வீட்டு வழக்கம். காய்ச்சல் கண்டால் நிலவேம்புக் குடிநீர். மூன்று தலைமுறையாக இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பயமுறுத்தி மாத்திரை விற்கிறார்களே, இயற்கை வைத்தியத்தை ஒழிக்கும் சூழ்ச்சிதானே இது?
– ஒரு வாசகர், திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து உப்பும் உண்ணியை நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் பகுதியில் மழைக்காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் பலரை மருத்துவமனையில் படுக்க வைக்கும் ஸ்க்ரப் டைபஸ் எனும் அந்த உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது அதுவன்று. புதரிலும் புல்லிலும் இருக்கும் வேறொரு நுண்ணிய உண்ணியின் இளம்பருவம். அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குகூட இராது. கடிப்பதும் பெரும்பாலும் தெரியாது. சில நாள் ஒட்டியிருந்துவிட்டுத் தானே உதிர்ந்துவிடும். காய்ச்சல் தொடங்குவதோ கடிபட்டு 6 முதல் 21 நாள் கழித்து. ஆகவே நீங்கள் மண்ணெண்ணெயைத் தேடும்போது கடித்தது உடம்பிலேயே இல்லை.

கடிவாயில் சுண்ணாம்பு பூசுவது அதைவிடக் கெடுதல். இந்த நோய் வந்தவர்களில் பலருக்கு, எல்லாருக்கும் அல்ல, கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரிய பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த வளையமும் இருக்கும். வலிக்காது, அரிக்காது, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்பில் புடவையோ வேட்டியோ இறுகும் இடம் என்று எளிதில் பார்வையில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். இரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்பே மருத்துவருக்கு நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயம் அது. அதன்மேல் சுண்ணாம்பை அப்பித் தோலைப் புண்ணாக்கிவிட்டால், அவர் பார்ப்பது சுண்ணாம்புப் புண்ணைத்தான். (நோயாளியின் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல் ஊசி போட்டு அனுப்பும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.)

மூன்று தலைமுறைக் கணக்கையும் பார்ப்போம். கடிபட்ட எல்லாருக்கும் நோய் வருவதில்லை. நோய் வந்தவர்களிலும் கணிசமானவர்கள் மருந்தில்லாமலே பிழைத்துவிடுகிறார்கள். அப்படிப் பிழைத்தவர் முந்தின நாள் எதைக் குடித்தாரோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. பிழைக்காதவரின் சாவை ஊர் ‘விஷக் காய்ச்சல்’ என்றோ ‘மர்மக் காய்ச்சல்’ என்றோ சொல்லி முடித்திருக்கும். அந்தச் சாவு வைத்தியத்தின் கணக்கில் ஏறியிருக்காது. நிலவேம்பு காய்ச்சலின் சூட்டைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆனால் உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகி இந்த நோயைத் தரும் பாக்டீரியாவை அது அழிக்கும் என்று எவரும் மெய்ப்பித்ததில்லை. பென்சிலின் வகை மருந்துகளே இதனிடம் தோற்றுப்போகின்றன.

இயற்கை என்கிறீர்கள். இந்த நோயை முதன்முதலில் அடக்கிய குளோராம்பெனிகால், வெனிசுவேலா மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து. 1948இல் அதைக் கோலாலம்பூரில் ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து, மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது வேலை செய்வதாகச் சொன்னார்கள். மண்ணிலிருந்து வந்ததற்காக யாரும் அதற்குச் சலுகை காட்டவில்லை. நிலவேம்புக்கும் அந்தச் சோதனையைத்தான் கேட்கிறோம். இப்போது தரப்படும் டாக்சிசைக்ளின், 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ள, காப்புரிமை எப்போதோ காலாவதியான மலிவு மாத்திரை. பயமுறுத்திப் பணம் பண்ண நினைப்பவர் இதையா தேர்ந்தெடுப்பார்? உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. காலம் தாழ்த்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவுகிறது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசின் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியையும் சேர்த்து ஏற்றியபோது சிக்கல்கள் குறைந்தன; இறப்பு விகிதமோ ஒரே மருந்து பெற்றவர்களுடையதைப் போலவேதான் இருந்தது. கஷாயத்தில் கழியும் நாட்களின் விலை இதுதான்.

மாட்டு உண்ணி, நாய் உண்ணி விஷயத்திலும் மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு இரண்டும் வேண்டாம். சீண்டப்பட்ட உண்ணி தன் எச்சிலைக் கடிவாய்க்குள் கக்கக்கூடும். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்டம், காடு போய் வந்ததும் உடுப்பை மாற்றிக் குளிக்கச் சொல்லும் உங்கள் வீட்டுப் பாட்டி சொல்வது முழுக்கச் சரி, அதை விட்டுவிடாதீர்கள். அதன் பிறகும் காய்ச்சல் வந்தால், எப்போது எந்தப் புதர்ப்பக்கம் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.